ஒரே சாக்ஸில் இரண்டு கால்

ஐப்பசி, வியாழக்கிழமை.

காஞ்சிபுரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போல் என் வீட்டுக்காரருக்கு சாக்ஸ் பின்னிக்கொண்டு வந்தேன். குளிர்பதனக் கிடங்கு வேலையில் அவருக்குக் கால் விறைத்துப்போகிறது. ஒரு சாக்ஸ் முடிந்து பையில் இருந்தது. இரண்டாவது பாதியில் நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஓர் இளம்பெண், மடியில் பச்சைக் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறாளாம். ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. சாரலில் குழந்தையின் துணி நனைந்து, பாதங்கள் ஜில்லிட்டிருந்தன. அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது.

ஈரத்துணியை அவிழ்த்துவிட்டு, முடிந்த சாக்ஸைக் குழந்தைக்கு மாட்டினேன். இரண்டு காலும் ஒன்றிலேயே நுழைந்து, கம்பளி மார்பு வரை வந்தது.

"இன்னாக்கா, மூட்டை கட்டின மாதிரி கீது," என்று சிரித்தாள். குழந்தை தூங்கிவிட்டது.

திருப்புலிவனத்தில் இறங்கும்போது கழற்றப் போனாள். "இருக்கட்டும்மா," என்றேன். பெயர்கூடக் கேட்கவில்லை. குடை வைத்திருந்தாளா என்றும் பார்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "ஒத்த சாக்ஸ வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றார். பிறகு அவரே, "கொயந்தைக்குக் கால் சூடாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சி."

"அப்ப வுடு."

அவருடையதை ஓரமாக வைத்துவிட்டு, மிச்ச நூலில் சின்னதாக ஒரு ஜோடி ஆரம்பித்திருக்கிறேன். அளவு தெரியாததால் என் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்துப் பின்னுகிறேன். தடுப்பூசி போட அவள் எப்படியும் இதே பஸ்ஸில்தான் வரவேண்டும்.