எண்ணிக்கைக் கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு இரண்டுதான் இருக்கிறது.

எழுதிவிட்டால் மனசு அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் கல்யாணப் பரிசுக்கென்று ஓர் இணையதளம் செய்கிறோம். கல்யாணம் செய்துகொள்கிறவர்கள், புது வீட்டுக்கு என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று அதில் தங்களுக்கான பக்கத்தில் போட்டுவைப்பார்கள். பரிசு தருகிறவர் பார்த்து ‘இதை நான் தருகிறேன்’ என்று அழுத்தினால் போதும். ஒரே வீட்டுக்கு ஏழு சுவர்க்கடிகாரம் போய்ச் சேராது. சோதித்துப் பார்க்க நிஜக் கல்யாணங்கள் வேண்டும் என்றார் அலுவலகத்தை நடத்துகிற மேடம். நான் அக்காவின் கல்யாணத்தைச் சொன்னேன். இங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நானாக வாய் திறந்தது அந்த ஒரு முறைதான்.

தட்டு இரண்டு. டம்ளர் இரண்டு. தலையணை இரண்டு.

நான்?

மார்ச் 4, புதன்

அம்மா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதிலிருந்து நானும் அக்காவும் சித்தி வீட்டுக் கூடத்தில்தான் படுக்கிறோம், ஒரே போர்வையில். “கல்யாணம் ஆனா உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவேன்டி. ஜன்னல் இருக்குற ரூம் உனக்கு.” எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். சித்திக்கும் தெரியும். “அவ போறப்ப இவளும் ஒட்டுப்புல்லு மாதிரி ஒட்டிக்கிட்டுப் போயிடுவா. எனக்குக் கூடம் மிச்சம்” என்று சிரிப்பார்.

மார்ச் 6, வெள்ளி

இன்று மனசு லேசாக இருக்கிறது. காரணம் ஃபிரிட்ஜ்.

சோதனைக்கு வந்த இன்னொரு மாப்பிள்ளை போனில் மேடத்திடம் கத்தினாராம். அவர் பக்கத்தில் ஃபிரிட்ஜ் இரண்டு, ஏணி இரண்டு, கட்டில் இரண்டு. “ரெண்டு கட்டில்னு போட்டிருந்தா என் மாமியார் வீட்டுல என்னங்க நினைப்பாங்க?”

புரோகிராம் எழுதுகிற அண்ணாவை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நீங்கதானே மேடம் சொன்னீங்க, கல்யாணம்னா ரெண்டு பேரு, எண்ணிக்கை ரெண்டுலயே ஆரம்பிக்கட்டும்னு!”

ஓடிப்போய் அக்காவின் பக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஃபிரிட்ஜ் இரண்டு! இத்தனை நாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது கண்ணில் படவேயில்லை. அப்படியானால் அது எங்கள் தளமே போட்ட இரண்டு. அக்காவின் இரண்டு இல்லை.

நானும் சிரித்துவிட்டேன்.

“அட, உம்மணாமூஞ்சி சிரிக்குது பாருங்க” என்றார் தாடி.

மார்ச் 9, திங்கள்

எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக்கிவிட்டார்கள். பழைய எண்களும் போயின. இனி அவரவரே அடிக்க வேண்டும். அருகில் ஒருவர் உட்கார்ந்து, விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். விரல் நிற்கிற இடத்தில் நம் வேலை சரியில்லை என்று அர்த்தம், என்பார் மேடம்.

“உங்க அக்காவை நீயே பாத்துக்கோ. நடுவுல எதுவும் பேசக் கூடாது. அதை உனக்குச் சொல்லித்தரவே வேணாம்.”

மார்ச் 11, புதன்

ஃபிரிட்ஜ் – 1. விரல் நிற்கவில்லை.

கட்டில் – 1. நிற்கவில்லை. அக்கா கொஞ்சம் சிரித்தாள்.

தட்டு – நின்றது.

3 என்று அடித்தாள். அழித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. 2.

தலையணைக்கும் 2.

பேசக் கூடாது, பேசவில்லை. பேசினாலும் என்ன கேட்பது – ஏன்க்கா? என்னை எங்க விட்டுட்டுப் போற? ஜன்னல் ரூம் வேணும்னு நானா கேட்டேன்? நீதானே சொன்ன!

மார்ச் 12, வியாழன்

‘தட்டு: தயக்கம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“அந்த இடத்துல அவங்களுக்கு என்ன புரியலையாம்?”

“எல்லாம் புரிஞ்சுது மேடம்.”

“அப்புறம் ஏன் நின்னாங்க?”

மேசையிலிருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். மேடம் மேலே கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

துணி காயப்போடும்போது அக்கா சொன்னாள். எங்கள் இருவருக்கும் நடுவே ஈரப் போர்வை தொங்கியது.

“மொதல்ல நாம ரெண்டு பேரு மட்டும் இருப்போம்னு அவரு சொல்றாருடி. கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் நான் பேசுறேன்.”

“சரிக்கா.”

“கோவமா?”

“இல்லக்கா.”

“ஏதாவது சொல்லேன்டி. திட்டவாவது திட்டு.”

கிளிப்பை நீட்டினேன். போர்வைக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் அழுதால் எனக்கு அழ வருவதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மார்ச் 16, திங்கள்

சித்தி இன்று ஒட்டுப்புல் என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது போல.

மார்ச் 20, வெள்ளி

தளத்தை இன்று எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சித்தி முதல் ஆளாக, அக்காவுக்குத் தர மின்விசிறியை எடுத்துக்கொண்டார்.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். தட்டை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ‘இதை நான் தருகிறேன்’ என்பதை அழுத்தினேன். பெயர் கேட்டது. ‘தங்கை’ என்று போட்டேன். கீழே, எத்தனை தருகிறேன் என்று கேட்கும் எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருந்தது.

2 என்று அடித்தேன்.