கெட் அவுட்டுக்கு நீ சொன்ன அர்த்தம்

பெரும்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முட்டிவலி மட்டும் அப்படியேதான். அந்த ஊர்க் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்றே நினைப்பு. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கோபாலபுரம் போயிருந்தேன். நான் வீட்டு வேலை பார்த்த பங்களாவை இடிக்கப் போகிறார்கள், ஜானகி அம்மா மகளோடு அசோக் நகருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சமையலறையைப் பார்த்ததும் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த அம்மா வாயில் நாள் முழுக்க இங்கிலீஷ் ‘கெட்’தானே. தண்ணீர் கொண்டு வரச் சொன்னாலும் கெட், பிள்ளைகளை எழுப்பினாலும் கெட், பஸ் கிடைத்ததா என்று கேட்டாலும் கெட். சாயங்காலம் நம் கூவம் கரை வீட்டுக்கு வந்து, இன்னாடி இது, ஒரே வார்த்தைய வச்சிக்கினு குடும்பம் நடத்துறாங்க என்பேன். நீ டிக்‌ஷனரியைப் பிரித்து, ஒரு பக்கம் முழுக்க கெட்டுதாம்மா கீது என்று சிரிப்பாய்.

அந்த ஐப்பசி மழை நாள் உனக்கு நினைவிருக்கும். அவருடைய பட்டுப் புடவையை இஸ்திரியில் தீய்த்துவிட்டேன். பயத்தில் பின்பக்கம் காயப்போட்டிருந்த துணியை எடுக்க மழையில் ஓடினேன், பின்னாலேயே வந்து கெட் அவுட் என்று கத்தினார். நனைந்தபடியே வீட்டுக்கு வந்து, செத்தாலும் அந்தப் படி ஏறமாட்டேன் என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலையில், ஏழாவது படித்த நீ டிக்‌ஷனரியை நீட்டி, மழையிலேர்ந்து ஒதுங்குன்றதுக்கும் கெட் அவுட்டுதாம்மா, நீ பாதிய கேட்டுக்கினு வந்துட்ட என்றாய். நம்பினேன். போனேன். அவரும் புடவையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நீ நர்ஸ் படிப்பு முடிக்கும் வரை அங்கேதான் இருந்தேன்.

நேற்று அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஜானகி அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் வெளில போன்னுதான் சொன்னேன் செண்பகம். அன்னிக்குச் சாயங்காலமே ஒம் பொண்ணு தொப்பலா நனைஞ்சுண்டு வாசல்ல வந்து நின்னா. ‘எங்கம்மாவுக்கு ரோஷம் ஜாஸ்தி, மழையில ஒதுங்கச் சொன்னேன்னு சொல்லிடுங்க’ன்னு கேட்டுண்டா. நேக்கு வெக்கமாப் போயிடுத்து” என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபமே வரவில்லை. பன்னிரண்டு வயசில் நீ ஒருத்தியாய் அந்த கேட்டைத் தட்டியபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேனே, நீ எங்கே போனாய், எப்போது வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லையே, அதுதான் மனசு ஆறவில்லை.

நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு கண்ணு. டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. இது கிடைத்ததும் போன் செய், ஆனால் நீ ஒன்றும் சொல்லாதே, முதலில் நான் பேசிவிடுகிறேன்.

உன் அம்மா
செண்பகம்