பழைய நம்பர்

மகளுக்கு,

நீ விட்டுப்போன விளையாட்டு ரயிலை நேற்று வெளியே எடுத்தேன். மூன்று கிழமையாகப் படுக்கையில் கிடக்கும் உன் அம்மா அதன் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார்.

ரிமோட்டில் எஞ்சினைக் கூப்பிடும் நம்பரை, மூன்றை, அழுத்தினேன். அசையவில்லை. துறைமுகத்து உப்புக்காற்றுதான் காரணம் என்று தண்டவாளத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன். எஞ்சினைக் கழற்றினேன், திட்டினேன். கடைசியில் தெஹிவளையில் இவற்றைத் திருத்தும் நிரோஷனிடம் கொண்டுபோனேன். கம்பியூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அங்கிள், எஞ்சின்ல பிழையில்லை. ஆரோ நம்பரை மாத்தியிருக்கினம். இனிப் பழைய நம்பர்ல கூப்பிட்டா அது வராது.”

நீதான் மாற்றியிருப்பாய். என்னிடம் சொல்லியும் இருப்பாய்.

நீ மதம் மாறிக் கலியாணம் முடித்து மாளிகாவத்தைக்குப் போனபின் இரண்டு கடிதம் எழுதினேன். ‘இந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை’ என்று இரண்டும் திரும்பி வந்தன. ஞானஸ்நானத்தில் நான் வைத்த பெயரைத்தான் எழுதியிருந்தேன். வேண்டுமென்றேதான்.

புது நம்பரில் ரயில் இப்போது ஓடுகிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, நீதான் ஓட்டுகிறாய் என்று நினைக்கிறார். நான் அதை மறுக்கவில்லை.

இம்முறை உறையில் உன் புதுப் பெயரை எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் நேரில் வந்து திருத்து. கெதியாக வா.

அப்பா