கேண்டஸ் சமைத்த வீடு

மார்ச் 6
காலை பள்ளி பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு நேராக மியூசியமாக வைத்திருக்கும் ஹேஸ்கெல் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 1750-ஆம் வருஷத்து வாழ்க்கையை ஒருநாள் வாழ்ந்து பார்க்க வருவார்கள். எனக்கு வழக்கம்போல சமையலறை. கேப்டன் ஹேஸ்கெலின் மனைவி தன் கையாலேயே சமைத்தாள் என்று ஏழு வருஷமாகச் சொல்கிறேன். பதினோரு பேருக்கு, தினமும் — தனியாகவா?

மார்ச் 19
கிடைத்துவிட்டாள்!! சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி: ‘கேண்டஸ், கேப்டன் ஹேஸ்கெலின் அடிமை, வயது எட்டு.’

மார்ச் 27
மியூசியக் கமிட்டியில் சொன்னேன். அந்த அறையில் கறுப்பினத்தவள் நான் ஒருத்திதான். தலைவி கரோலின் லாத்ராப் கண்ணாடியைக் கழற்றினாள்.

“ரோவீனா, சின்னப் பசங்க. எட்டு வயசு. அழுதுடுவாங்க. வெண்ணெய் கடைஞ்சிட்டு சந்தோஷமா போகட்டுமே.”

“அவளுக்கும் எட்டு வயசுதான், கரோலின்.”

கடைசியில், ஒரு வகுப்புக்கு மட்டும் அனுமதி. கரோலின் பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு பிள்ளை அழுதாலும் பழையபடி வெண்ணெய்தான்.

ஏப்ரல் 30
கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஐம்பத்திரண்டு வயசுல எனக்கு எதுக்கு இந்த வேலை?

மே 14
மழை. ஈர விறகு, வீடெல்லாம் புகை. பத்தொன்பது பிள்ளைகள். “ஐயோ, நம்ம பஸ் ஓட்டுற மிஸ்!” என்று ஒரே கூச்சல்.

முதலில் வேலை. தோளில் கட்டையைப் போட்டு இரண்டு வாளித் தண்ணீர், ஓடையிலிருந்து அடுப்படிவரை. மக்காச்சோளக் கஞ்சி கிண்டினார்கள். அப்புறம்தான் அவள் பெயரைச் சொன்னேன். பிடித்தது கேள்வி மழை.

“அவளுக்கு லீவு எப்போ?”

“இல்ல.”

“அவ அம்மா எங்க?”

“தெரியல. யாரும் எழுதி வைக்கல.”

அவள் தூங்கியிருக்கக்கூடிய பரணுக்கு ஏணியில் ஏறி, ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்தார்கள். இறங்கி வந்த சிறுமி மாரிசோலின் கண்ணெல்லாம் தண்ணீர். கரோலின் எழுந்து நின்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“அழறியா கண்ணு?” என்று கேட்டாள் கரோலின்.

மாரிசோல் மூக்கைத் துடைத்தாள். “இல்ல. கோவமா இருக்கேன்.”

கரோலின் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அரைமணி கழித்து, இறகுப் பேனாவில் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வால்ட் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார். “என்னம்மா பண்ணி வெச்ச? அவங்கவங்க பேரை எழுதுங்கடான்னா ஒருத்தர்கூட எழுத மாட்டேங்கறாங்க. எல்லாக் காகிதத்துலயும் கேண்டஸ், கேண்டஸ்!”

பத்தொன்பது காகிதம். ஒன்றில் எழுத்துப்பிழை, இரண்டில் மை கொட்டியிருந்தது. எண்ணி எண்ணிப் பார்த்தேன். ஜெயிச்சுட்டோம்டி, கேண்டஸ்!

மே 15
மாரிசோலின் அம்மா பஸ் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சே இல்லையாம்.

ஜூன் 3
கேண்டஸ் கதை தொடரலாமா என்று கமிட்டி ஓட்டு. ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஆதரவு. முதலில் கை தூக்கியது கரோலின்.

செப்டம்பர் 9
ஐந்து பள்ளிகள் கேண்டஸின் நாளைக் கேட்டிருக்கின்றன. பஸ் வேலையை ராஜினாமா செய்தாயிற்று; இனி இங்கேயே முழுநேர வேலை. கரோலின் இன்று ஹேஸ்கெல் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். “காலையில நீயே திற, ரோவீனா. நான் பத்து மணிக்குத்தான் வருவேன்.”

செப்டம்பர் 10
ஏழரைக்கே போய், முன்கதவைத் திறந்து உள்ளே நடந்தேன்.