நாலு ரிவர்ஸ் வண்டி

பிப்ரவரி 11, செவ்வாய்

வண்டிச் சாவியை அண்ணன் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கடையில் ஆள் இருக்கும்போது.

கண்ணாடிக் கடை எங்கள் இருவருக்கும் பொது. அவன் மேசையில் கண்ணாடி வெட்டுவான். நான் பழைய பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன். ஜன்னலோ கதவோ அலமாரியோ, இத்தனை வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. போன மாதத்திலிருந்து போகிற வழியிலேயே கண்ணாடி விரிசல் விடுகிறது. நேற்றும் ஒன்று. உடனே நான் வண்டி ஓட்டத் தெரியாதவள் ஆகிவிட்டேன்.

"உனக்கு எப்பவும் அவசரம். பள்ளம் மேடு பார்க்க மாட்டே. இனிமே லாரிக்காரர் எடுத்துட்டுப் போகட்டும். நீ உக்காந்து ஆர்டர் எழுது."

உட்கார்ந்து ஆர்டர் எழுது! நானா? கண்ணாடி வாங்க வந்த அம்மா ஒருத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அண்ணன் திட்டியதைவிட அந்தப் பார்வைதான் மோசம்.

பிப்ரவரி 12

அவனோடு பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தான். குடிக்கவில்லை. ஆறிப்போன பிறகு குடித்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று பேசிவிட்டேன். பேசினேன் என்பதா, கத்தினேன் என்பதா? அண்ணி உள்ளே இருந்து ஓடிவந்தார்.

உடைப்பது நானில்லை, அந்த வண்டி. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருக்கின்றன. சின்னக் கல் மேல் ஏறினாலும் பின்தட்டு தூக்கிப் போடுகிறது. எஞ்சின் வேறு புகை கக்குகிறது. இதைப் போன வருஷமே சொன்னேன், காதில் வாங்கினால்தானே.

"வண்டியை என்கிட்ட குடு. பிரிச்சு, புதுசா கட்டறேன். அப்புறம் ஒரு லோடு ஏத்து. ஒரு கண்ணாடி உடைஞ்சாலும் சாவியை லாரிக்காரர்கிட்டயே குடுத்துடு, நான் வாயே திறக்கல."

அவன் கண்ணாடித் தூளைக் கையால் கூட்டிக்கொண்டே இருந்தான். "வாய் திறக்காம நீ இருப்பியா?" என்றார் அண்ணி. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சரி என்று மட்டும் சொன்னான்.

அண்ணி சாட்சி.

பிப்ரவரி 23, ஞாயிறு

பொறியின் பட்டறையில் வண்டி நிற்கிறது. பொறி என்னோடு படித்தவன், வெல்டர். முகமூடி போடாமல் வெல்டிங் வைத்துப் புருவத்தைக் கருக்கிக்கொண்ட நாளிலிருந்து அவனுக்கு இந்தப் பெயர். ஞாயிறும் கடை மூடிய மாலைகளும் என்னுடையவை.

பழைய இரும்புக் கடையைச் சல்லடை போட்டுச் சலித்தோம். ஒரு பள்ளிக்கூட வேனின் எஞ்சின் கிடைத்தது. முன்பக்கத்துக்கு ஏதோ ஒரு காரின் சுருள் ஸ்பிரிங். பின்பக்கத்துக்கு, பேருந்திலிருந்து கழற்றிய காற்றுப் பைகள். இரண்டு மெல்லிய பட்டைகளும் அந்தப் பைகளும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும்; காற்றைக் கூட்டிக் குறைத்தால் தட்டு மெத்தை மாதிரி இருக்கும். இது என் யோசனை. பொறி தாடையைச் சொறிந்தபடி, "நடக்கும், ஆனா நடக்க விடமாட்டானுங்க" என்றான். யார் என்று கேட்டேன். "இந்த போல்ட் செஞ்சவனுங்க."

சொன்னது சரிதான். ஒரு கம்பெனி போல்ட் இன்னொரு கம்பெனி ஓட்டையில் நுழையாது. நுழைந்தாலும் மரை ஒத்துவராது. ஷாக் அப்சார்பரின் காது அகலம், சட்டத்தின் காது ஒல்லி. இவர்கள் எல்லாரும் ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு இருக்கிற கடுப்பை இரும்பில் காட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரியே.

மார்ச் 2

கை விரலில் வெட்டு. அண்ணன் பார்த்தான். கேட்கவில்லை. கேட்டால்தான் என்ன?

மார்ச் 9, ஞாயிறு

பின் அச்சுதான் இப்போது தலைவலி. எங்களுடையது பற்களெல்லாம் தேய்ந்து போய்விட்டதால் வேறொரு கம்பெனி ஜீப்பின் அச்சை வாங்கினோம். அளவு சரி, சக்கரம் சரி. ஆனால் பட்டை உட்காருகிற மேடை எங்களுக்குக் கீழ்ப்பக்கம் வேண்டும், இதில் மேலே இருக்கிறது.

"வெட்டி எடுத்துக் கீழே வெச்சு வெல்ட் பண்ணிடலாம். அடுத்த வாரம் ஆகும்" என்றான் பொறி.

அடுத்த வாரமா? வருகிற சனிக்கிழமை வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் நேற்றுகூட, "என்ன, உன் கப்பல் மிதக்குதா?" என்றான், அந்த லாரிக்காரரை வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"கவுத்துப் போடு" என்றேன்.

"என்னது?"

"அச்சை அப்படியே தலைகீழா கவுத்துப் போடு. மேடை கீழே வந்துடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

பொறி அச்சைச் சுற்றி வந்து பார்த்தான். எதையோ சொல்ல வந்தவன், என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான். கவிழ்த்தோம். அழகாக உட்கார்ந்தது. அச்சின் மூச்சுத் துளை கீழே போய் எண்ணெய் சொட்டியது, அதை அடைத்தோம். நானே தட்டிக்கொடுத்தேன், வண்டியையும் என் மூளையையும்.

மார்ச் 15, சனி

எழுதவே கூசுகிறது.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து கடை வாசலில் நிறுத்தினோம். பட்டறையிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று பொறி தலைபாடாய் அடித்துக்கொண்டான். இல்லை, முதல் உருட்டல் அண்ணன் கண்முன்தான் நடக்க வேண்டும் என்று நான்தான் நின்றேன். அண்ணன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணி, பக்கத்துத் தையல்கடைக்காரர், லாரிக்காரர், போகிற வருகிற கூட்டம். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. முதல் கியர் போட்டேன். கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

கியர் மாறிவிட்டது என்று நினைத்து இரண்டாவது போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போய், உடைந்த கண்ணாடி போடுகிற பீப்பாயை இடித்துத் தள்ளியது. ஒரு தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். கடைசியாக, போனால் போகிறதென்று ரிவர்ஸ் போட்டேன். சமர்த்தாக முன்னால் வந்தது.

அச்சைக் கவிழ்த்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். கோபத்தில் எவள் யோசிக்கிறாள்?

தையல்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாலு ரிவர்ஸ், ஒரு ஃபார்வேர்டு! உலகத்துலயே இல்லாத வண்டி!" மானம் கப்பலேறியது. அண்ணனும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

சிதறிய சில்லுகளைக் கூட்டியது நான்தான். அண்ணன் உதவ வந்தான், வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 16

தெருவில் ஒரு பொடியன் என்னைப் பார்த்துப் பின்னால் நடந்து காட்டினான்.

மார்ச் 22, சனி

மேடைகளை வெட்டி, கீழே வைத்து, வெல்டிங் முடிந்தது. முதலில் பொறி சொன்னதைத்தான் கடைசியில் செய்தோம். அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஓடுகிறது. ஐயோ, எப்படி ஓடுகிறது! எல்லாக் கம்பெனிக்காரனும் அடித்துக்கொள்ளாமல் ஒரே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லுடைக்கிற மேட்டுப் பாதையில் ஏற்றி இறக்கினேன். பின்தட்டில் நிரம்பத் தண்ணீர் விட்ட டம்ளரை வைத்துப் பொறி காவல் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டை நனையவில்லை. இறங்கி வந்து, "உங்க அண்ணன் மூஞ்சியில ஈயாடாது பாரு" என்றான்.

ஒரு மாதத்தில் இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 29, சனி

உடைந்துவிட்டது.

எங்களிடம் வழக்கமாக வாங்கும் மேஸ்திரி கட்டுகிற மாடி வீட்டுக்கு ஜன்னல் கண்ணாடிகள். அண்ணன் வெட்டி வைத்திருந்தான். நானே ஒவ்வொன்றாகச் சாய்வுச் சட்டத்தில் நிறுத்தி, நடுவில் ரப்பர் வைத்து, நாடா போட்டுக் கட்டினேன். நத்தை மாதிரிப் போனேன். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான், அடித்துக்கொள் என்று விட்டேன். ஒரு குலுக்கல் இல்லை. சத்தியமாக இல்லை. போய்க் கட்டை அவிழ்த்தால், நடுக் கண்ணாடியில் மூலைக்கு மூலை ஒரு கோடு.

மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அங்கேயே மணல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது, அதுதான் ஏற்கெனவே உடைந்திருக்கிறதே.

பிறகு அந்த விரிசலைப் பார்த்தேன். எங்கே ஆரம்பிக்கிறது என்று. விரிசல் நடுவில் பிறக்காது, ஓரத்தில்தான் பிறக்கும். கண்ணாடிக் கடையில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. விரலால் தடவினேன். கட்டர் போன கோடு நேராக இல்லை. ஓர் இடத்தில் துள்ளி, விட்டு, மறுபடி பிடித்திருக்கிறது. நன்றாக இருந்த கண்ணாடிகளின் ஓரங்களையும் தடவிப் பார்த்தேன். இன்னும் இரண்டில் அதே துள்ளல்.

பள்ளமுமில்லை, ஸ்பிரிங் பட்டையுமில்லை, நானுமில்லை. வெட்டு.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் திரும்பி வந்தேன். வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு வந்தேன். கடைக்குள் நுழைந்தபோது அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு அலமாரிக் கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்தான். நான் வந்தது தெரியவில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். அப்படியும் கட்டர் முனை கண்ணாடி மேல் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்துவிட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன், ரொம்ப நேரம். எப்போதிலிருந்து? அண்ணிக்குத் தெரியுமா? வெட்டைப் பார்க்க விடாமல் என்னைச் சீக்கிரம் ஏற்று, சீக்கிரம் கிளம்பு என்று விரட்டியதெல்லாம் இதற்குத்தானா? லாரியில் போனவற்றிலும் உடைந்திருக்குமே, அதையும் மறைத்தானா? படுபாவி. என் தலையில் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கினாயா?

மார்ச் 31, திங்கள்

மேஸ்திரி கடைக்கே வந்துவிட்டார். எல்லாரும் இருந்தோம்.

"என்னங்க இது, உங்க வண்டியில வர்ற ஒவ்வொரு லோடுலயும் ஒண்ணு போகுது. வெட்டுல கோளாறா, வண்டியில கோளாறா? சொல்லிடுங்க, நான் வேற கடை பாத்துக்கறேன்."

அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"நான்தாங்க" என்றேன். "திருப்பத்துல கொஞ்சம் வேகமா எடுத்துட்டேன். வெட்டுல ஒண்ணும் இல்ல."

ஏன் சொன்னேன்? அந்த நாக்கு என்னுடையதுதானா? வெட்டுகிறவனுக்குக் கை நடுங்குகிறது என்று ஊருக்குத் தெரிந்தால் அவனிடம் ஒரு துண்டு கண்ணாடி வாங்க ஆள் வராது, அது ஒன்று. அது மட்டும்தானா, தெரியவில்லை. மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "இனிமே வேற ஆளை ஓட்டச் சொல்லுங்க" என்றார். இத்தனை நாள் இரும்போடு மல்லுக்கட்டியது இந்த வார்த்தையைக் கேட்கவா?

சாவியை மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 1

கடைக்குப் போகவில்லை. அண்ணி வந்து கூப்பிட்டார். தலைவலி என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அண்ணியே இழுத்துக்கொண்டு போனார். லாரிக்காரர் வந்து நின்றிருந்தார், ஏற்றுவதற்கு. அண்ணன் அவரை, "இருங்க" என்றான். பிறகு எங்கள் எல்லார் முன்னாலும் வலது கையை நீட்டினான். வெறும் கை. கட்டர் இல்லை, ஒன்றுமில்லை. காற்றில் வைத்த கை அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"இதுதான் உடைக்குது. இவ ஓட்டுறது இல்ல. மேஸ்திரிக்கும் காலையில ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்."

லாரிக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டே கிளம்பினார். அண்ணி அழுதார், அவருக்கும் இன்றுதான் தெரியும் போல. எனக்கு அழுகை வரவில்லை. சேர்த்து வைத்த கோபமெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"முன்னாடியே சொன்னா என்ன? நான் என்ன உன்னைத் தூக்கியா போட்டிருப்பேன்? இத்தனை நாள் என்னை நாறடிச்சியே, உனக்கு மனசே இல்லையா?"

அவன் கையை இழுத்து அக்குளில் செருகிக்கொண்டான். "சொன்னா, என்னை ஓரமா உக்கார வெச்சு ஆர்டர் எழுதச் சொல்லியிருப்பே" என்றான்.



ஏப்ரல் 5, சனி

மேஸ்திரியின் கண்ணாடியை இன்று நான் வெட்டினேன். முதல் இரண்டு கோணலாகப் போயிற்று, மூன்றாவது தேறியது. அண்ணன் பக்கத்தில் நின்றான், தொடவில்லை. பிறகு நான்தான் ஏற்றினேன், நான்தான் ஓட்டினேன். அவன் பக்கத்து சீட்டில் வந்தான். உடையவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் மேசையில் திங்கட்கிழமைக்கான ஆர்டர். அவன் எழுதியது. எழுத்து முழுக்க ஆடிப் போயிருக்கிறது, எது மூன்று எது எட்டு என்று தெரியவில்லை. ஒவ்வொரு அளவாக அவனைக் கூப்பிட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான், சலிக்காமல்.