ஆறு வரியும் அப்படியே இருக்கும்

பெத்தெஸ்டா,
ஞாயிறு, அக்டோபர் 19

அன்புள்ள நெஸ்டா,

நான் நலம், இடது முழங்காலைத் தவிர. அம்மாவும் நலம். மெல்பர்னில் நீயும் பிள்ளைகளும் நலம் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லையென்றால் உடனே சொல். இங்கே ஒன்பது நாளாக மழை. அம்மா பாடல் குழுவில் பக்கத்து வரிசைக்காரிகளோடு சண்டை போட்டாள், சமாதானமும் ஆகிவிட்டாள். பின்பக்கத்து பேரிக்காய் மரம் விழுந்துவிட்டது, நல்லவேளை வேலி தப்பித்தது.

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆறே ஆறு வரிதானப்பா, போய் இங்கிலீஷ்ல சொல்லிட்டு வந்துடுங்களேன், அடுத்த வருஷமும் வேலை நிக்குமில்ல என்றாய். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும். ஆனால் அவசரத்தில் நான் உனக்குப் பாதிதான் சொன்னேன். மீதியையும் கேள்.

இந்தத் துப்பறியும் தொடரையும் வழக்கம்போல இரண்டு முறை எடுத்தோம். ஒவ்வொரு காட்சியும் முதலில் வெல்ஷில், பிறகு அதே நாற்காலி, அதே தேநீர்க் கோப்பை, அதே அழுகை, ஆங்கிலத்தில். நான் தெற்கத்தி விவசாயி, மகளைக் காணவில்லை, மூன்று வாரம். அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். போலீஸ்காரியாக நடிக்கும் ஷுவான் வந்து எதிரே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றுகிறாள். கண்டெடுத்துவிட்டார்கள் என்கிறாள். அவள் இப்போது எங்கே என்று நான் கேட்க வேண்டும். அவளுக்கு மூன்று வரி, எனக்கு மூன்று வரி. வெல்ஷில் எடுத்தாயிற்று. ஆங்கிலத்தில் முதல் தடவை பக்கத்து வயலில் டிராக்டர் கத்திக் கெடுத்தது. இரண்டாவது தடவை யாரும் மூச்சு விடவில்லை. முடிந்ததும் கார்மார்தனிலிருந்து வந்த மென்னா, வசனத் தாளோடு ஒவ்வொரு சொல்லையும் ஒத்துப் பார்க்கிறவள், பாய்ந்து வந்தாள். என்ன எமிர், 'ரூவன்'னு சொல்லிட்டீங்க, இவன் எங்க ஊர்ப் பக்கத்து ஆளு, 'நவ்ர்'னுதான் சொல்வான் என்றாள். எங்கப்பா அறுபது வருஷம் ரூவன்னுதான் சொன்னார், அவருக்கு ஒண்ணும் ஆகல என்றேன் நான். நீங்க உங்கப்பாவா நடிக்கல என்றாள். ஒளிப்பதிவாளர் என் பக்கம், இயக்குநர் அவள் பக்கம். 'இப்போது' என்பதை வடக்கத்தியான்போல் சொல்வதா தெற்கத்தியான்போல் சொல்வதா என்று பதினெட்டுப் பேர் அந்த அடுப்படியில் நின்று கத்தினோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது, பண்ணை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லோரும் போய்விட்டோம். எடுத்தது ஆங்கில முறை, ஆறு வரியையும் நாங்கள் வெல்ஷிலேயே சொல்லிவிட்டோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. கூடப் பேசிய ஷுவானுக்கு உறைக்கவில்லை. தாளில் ஆங்கிலத்தையே வைத்திருந்த மென்னாவுக்கும்கூட.

லண்டனில் தொகுப்பு அறையில்தான் தெரிந்தது. தயாரிப்பாளர் ஜூலியனுக்கு நம் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது, அவரால்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

நாற்பத்தொரு வருஷம், நெஸ்டா. பாதிரியார் ஒன்பது தடவை, போலீஸ் சார்ஜன்ட் பதினொரு தடவை, பிணம் மூன்று தடவை. லண்டன் படங்களில் சுரங்கக்காரன், பாடுகிற சுரங்கக்காரன், குடித்துவிட்டுப் பாடுகிற சுரங்கக்காரன். இன்னும் கொஞ்சம் வெல்ஷ்காரனா பேசுங்களேன் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பேசினேன். வெட்கப்பட்டதில்லை, அதுவும் வேலைதான். பல படங்களில் மேஜை ஓரம் என் தோள்பட்டை மட்டும் தெரியும்.

இந்த ஒரு நிமிடம் அப்படி இல்லை. உணர்ச்சியில் மறந்துவிட்டேன், நடிக்கவே இல்லை என்று பெருமையடிக்க மாட்டேன். நடிப்புதான். நான் செய்ததில் ஆக நல்ல நடிப்பு. அந்த ஊர்க்காரன், அந்த அடுப்படியில், தன்கூடவே பள்ளிக்கூடம் போனவனின் மகளான அந்தப் போலீஸ்காரியிடம், செத்த பிள்ளையைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்கவே மாட்டான். தாளில் இருந்தது பொய். நாங்கள் பதினெட்டுப் பேரும் தெரியாமலே அதைத் திருத்திவிட்டோம். அதை மறுபடி நான் பொய்யாக்க வேண்டுமாம், என் உதட்டின் மேலேயே.

செவ்வாய்க்கிழமை, அந்த வரிகளுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுக்க பாங்கரில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள், போனேன். ஷுவானையும் அழைத்திருந்தார்கள். ஜூலியன் லண்டனிலிருந்து திரையில் முகம் காட்டினார். படம் ஓடியது, சிவப்பு விளக்கு எரிந்தது, நான் வெல்ஷில் சொன்னேன். மறுபடி எரிந்தது. மறுபடி வெல்ஷ். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, உதட்டோட கச்சிதமா ஒட்டுது சார் என்றான். ஜூலியன் சிரிக்கவில்லை. உங்க குரலுக்கு வேற ஆளைப் போட என்னால முடியும் எமிர் என்றார். போடுங்க, நான் இருக்கிற வரைக்கும் அது என் குரல் இல்லைன்னு ஊர் ஊராப் போய்ச் சொல்வேன் என்றேன். அப்போதுதான் ஷுவான், எனக்கும் ஆள் தேடுங்க, இன்னைக்கு எனக்கும் தொண்டையில இங்கிலீஷ் வரல என்று மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் கதாநாயகி. அவள் குரலை மாற்ற முடியாது.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. அந்த ஒரு நிமிடம் வெல்ஷிலேயே இருக்கும், கீழே ஆங்கில எழுத்து ஓடும். அடுத்த பத்தியில், தொடரின் இரண்டாம் பருவத்தில் விவசாயி பாத்திரம் இல்லை. இரண்டு பருவத்துக்கும் நடுவில் அவனுக்கு மாரடைப்பாம். படமாக்கக்கூட மாட்டார்கள், யாரோ ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஷுவான்மேல் அவர்களால் கை வைக்க முடியாது, என்மேல் முடியும். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பிணமா நடிச்சப்பவே உங்க வாய் சும்மா இருந்ததில்ல, இப்ப நிஜமாவே சாகடிச்சுட்டாங்களா என்றாள். பிறகு அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள், சுத்தமாக இருந்த அடுப்பை. அவளுக்கு வருத்தம். எனக்கும் வருத்தம்தான், ஆறு பாகம் வருகிற வேடம் இந்த வயதில் இன்னொன்று வராது. ஆனாலும் நாளைக்கே மறுபடி கூப்பிட்டு அந்த விளக்கை எரிய விட்டால், அதையேதான் சொல்வேன்.

நீ இதைத் தப்பென்று நினைத்தால் நினைத்துக்கொள், எனக்கு எழுதி அனுப்பு, சண்டை போடலாம். பிள்ளைகளை அணைத்துக்கொள். எல்லோரும் நோய் நொடியில்லாமல், வாய் விட்டுப் பேசுகிற தைரியத்தோடு நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். மார்ச் முதல் ஞாயிறு மூன்றாம் பாகம், மறந்துவிடாதே. பிள்ளைகள் பார்க்கட்டும், தாத்தா அழுகிறாரே என்று பயப்பட வேண்டாம் என்று சொல்.

இரண்டாம் பருவத்துக்கு முன்பே காலமாகி, இப்போது இரண்டாவது தட்டு சாப்பிட உட்காரும்,

உன் அப்பா
எமிர்