கவுண்டருக்கு அடியில் உருண்ட பந்து

உன் பந்து திரும்பி வந்துவிட்டது.

போன வாரம் மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் பட்டுச் செக்‌ஷனுக்குத் திரும்பியபோது சூப்பர்வைசர் ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உன் வீட்டுக்காரர் வந்து கொடுத்துவிட்டுப் போனாராம். உன் வருஷத் திதி முடிந்து வீட்டைச் சுத்தம் செய்தபோது கடைப்பொருள் என்று பட்டதை எடுத்து வைத்தாராம். இரண்டு யூனிஃபார்ம் சேலை, ஒரு பேட்ஜ். மேல் சேலையை உதறினேன். மடிப்புக்குள் இருந்து அந்தப் பச்சை ரப்பர் பந்து விழுந்து, இரண்டு முறை குதித்து, அலமாரிக்கு அடியில் போய் நின்றது.

பாம்பைக் கண்டவளைப் போல இரண்டடி பின்னால் நகர்ந்திருக்கிறேன். பக்கத்துச் செக்‌ஷன் பெண், "என்னக்கா, பல்லியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாள் கழித்து அதை ஏன் எனக்கு அனுப்பினார்? அவருக்குத் தெரிந்துவிட்டதா? அன்று நான் காட்டிய சேலை எதுவும் விற்கவில்லை.

அந்தப் பந்தை வாங்கியது நான்தான். காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் குதிகாலில் ஆணி ஏறுகிறது போல வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற தம்பி, முள் முள்ளாக இருக்கும் ஒரு பந்தை வாங்கச் சொன்னார். உள்ளங்காலுக்கு அடியில் வைத்து விரலில் இருந்து குதிகால் வரைக்கும் மெதுவாக உருட்ட வேண்டும். உட்கார்ந்து செய்யுங்கள் என்றார். நான் சிரித்துவிட்டேன். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவளிடம் போய் உட்காரச் சொல்கிறாரே! உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு நமக்கும் ஸ்டூல் வந்தது. அதில் சேலைப் பெட்டிகள்தான் உட்கார்ந்தன.

ஆகவே நின்றபடியே உருட்டினோம். கவுண்டருக்கு மேலே கை சேலையை விரிக்கும், வாய் "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா" என்று சொல்லும், முகம் சிரிக்கும். கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கால் பந்தை உருட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கால் போதும் என்றால் அந்தக் கால். என் முறை முடிந்தால் காலாலேயே உன் பக்கம் தள்ளிவிடுவேன். "யக்கா, சாத்துக்குடிய இங்குட்டு விடுங்க" என்று பந்துக்கு நீ வைத்த பெயரைச் சொல்லி வாடிக்கையாளர் எதிரிலேயே கேட்பாய். பாவம், கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஓர் அம்மா, நாம் பழத்தை ஒளித்து வைத்துத் தின்கிறோம் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வாங்கிய திட்டு கொஞ்சமா?

பந்து வந்த நாளில் இருந்து எனக்கு டாக்டர் என்ற நினைப்பு ஏறிவிட்டது. தோள் வலிக்கிறது என்றால் சுவரில் பந்தை வைத்துச் சாய்ந்து தேய் என்பேன். இடுப்பா, அதற்கும் பந்து. எனக்குத் தெரியாது என்ற சொல் என் வாயில் வந்ததே இல்லை. "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன். நம்ம அக்கா அந்தக் கணக்குக்குக் கிட்டத்துல வந்துட்டாக" என்று நீதான் கடை முழுக்கப் பரப்பிவிட்டாய். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது யாராவது அந்தப் பழமொழியைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நீ சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாய். போகவும் பஸ், வரவும் பஸ். இரண்டு பக்கமும் ஜன்னலோர சீட் கிடைத்தது, எழுந்திருக்கவே இல்லை, ஆசை தீர உட்கார்ந்தேன் என்று பெருமையாகச் சொன்னாய். செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தபோது இடது கெண்டைக்கால் கடுகடுவென்று வலிக்கிறது என்றாய். நான் சேலைக்கு மேலேயே தொட்டுப் பார்த்தேன். கல் போல இருந்தது. சூடாகவும் இருந்தது. வலது காலை விடப் பருத்துத் தெரிந்தது. இதையெல்லாம் பார்த்தேன் என்பதைத்தான் உனக்கு எழுத வேண்டும். பார்க்காமல் சொல்லியிருந்தால் கூட என்னை நான் மன்னித்துவிடுவேன்.

"ஒக்காந்தே வந்ததுல சதை பிடிச்சிருக்குடி. பந்த வீட்டுக்குக் கொண்டு போ. நல்லா அமுக்கி உருட்டு, ரெண்டு நாள்ல எறங்கிரும்" என்று சொன்னேன்.

பந்து வாங்கின அன்றே அந்த ஆஸ்பத்திரித் தம்பி எனக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார். வீங்கியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ உருட்டக் கூடாது, வந்து காட்ட வேண்டும் என்று. பில் போடும் அவசரத்தில் தலையாட்டிவிட்டு வந்தேன். நான் தலையாட்டியது மறுபடி நினைவுக்கு வந்தது வியாழக்கிழமைதான்.

வியாழன் காலை மாடிப்படி ஏறி வந்தாய். மூச்சு வாங்குகிறது என்றாய். தண்ணீர் எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். தடாலென்று ஒரு சத்தம். சேலைக் கட்டு விழுந்தது என்று நினைத்தேன், நீ விழுந்திருக்கிறாய். ஆம்புலன்ஸில் உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். முந்தின நாள் வரைக்கும் என்னைக் கிண்டல் பண்ணிய வாய் திறந்தபடி கிடந்தது. என் புத்தி அதை ஏற்கவே இல்லை. இன்றைக்கும் ஏற்கவில்லை.

உன் வீட்டுக்காரர் புதுவயல் அரிசி மில்லில் இருந்து ஓடி வந்தார். தலை, புருவம் எல்லாம் தவிட்டுத் தூசி. டாக்டரம்மா வெளியே வந்து நீ போய்விட்டாய் என்று சொன்னபோது அவர் அழவில்லை, "இல்லைங்க, காலையில பேசுனாளே" என்று மட்டும் சொன்னார். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்து வருபவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்துவிடுவது உண்டு, அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். பிறகு கேட்டார்: "அந்தக் கால யாராவது அமுக்கி விட்டீங்களா?"

"இல்லைங்க" என்றார் உன் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஊரில் உள்ள வலிக்கெல்லாம் மருந்து சொன்ன வாய் அது. அன்றைக்கு ஒரு சொல் எழவில்லை. பாவம், இவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். ஒரு வருஷம் அப்படியே நின்றேன் என்று வைத்துக்கொள்.

பந்து வந்த பிறகு நிற்க முடியவில்லை. என் லீவு நாளில் டவுன் பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் நெல் அவிக்கிற வாசனை. அவர் அன்று இரண்டாவது ஷிப்டு, வீட்டில்தான் இருந்தார். "வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீக" என்று மின்விசிறியைப் போட்டார். உன் படத்துக்குக் கீழேதான் நாற்காலி. நான் உட்காரவில்லை. மஞ்சள் பையில் இருந்து பந்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"தம்பி, இத அவகிட்டக் குடுத்தது நாந்தான். கெண்டைக்கால்ல அமுக்கி உருட்டச் சொன்னதும் நாந்தான். டாக்டரம்மா கேட்டப்ப வாயத் தொறக்கல."

கத்துவார், வெளியே போகச் சொல்வார், எதற்கும் தயாராகத்தான் போனேன். அவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுக்கக் கை நீட்டி, எடுக்காமல் மடக்கிக்கொண்டார்.

"நீங்க சொல்லத்தான் செஞ்சீக" என்றார். "உருட்டிவிட்டது நாந்தான்க்கா. புதன்கிழமை சாயங்காலம் மில்லுலருந்து வந்து, அவ கால மடியில வச்சு, இந்தக் கையாலதான் அமுக்குனேன். மூட்டை தூக்குற கை. வலிக்குதாடின்னேன். சொகமா இருக்குன்னா. மறுநா காலையிலயும் ஒருக்கா உருட்டிட்டுத்தான் வேலைக்கு அனுப்பி வச்சேன்."

உட்கார மாட்டேன் என்று நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அந்த "இல்லைங்க", தெரியாதவர் சொன்னது இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பொய்யை அவர் வாயால் சொன்னார், நான் வாய் மூடிச் சொன்னேன். பிறகு உன் காரியத்தில், உன் திதியில், எத்தனை முறை எதிர் எதிரே நின்றோம்! அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, என் முகத்தை அவர் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் துக்கம் என்று ஊர் நினைத்தது.

பந்தை வீட்டில் வைக்கவும் முடியவில்லை, குப்பையில் போடவும் கை வரவில்லை, அதனால் கடைச் சேலைக்குள் சுற்றிக் கொடுத்துவிட்டேன் என்றார். நான் பார்ப்பேன் என்று அவர் நினைக்கவே இல்லை.

இருவரும் அன்றே டாக்டரம்மாவைத் தேடிப் போனோம். அவருக்கு உன்னை நினைவில்லை. பழைய தாளை எடுத்துப் பார்த்தார். அமுக்கியது அதைப் பெயர்த்திருக்கலாம், தானாகவும் பெயர்ந்திருக்கலாம், எது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். வீங்கிய காலைத் தொடாமல் அப்போதே கூட்டி வந்திருக்க வேண்டும், அது மட்டும் நிச்சயம் என்றார். உன் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, ஒரு வருஷமாக அழாததை அழுதார். நானும் அழுதேன். மன்னிப்பு என்று யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

பந்து மறுபடி கவுண்டருக்கு அடியில்தான் இருக்கிறது. என் குதிகால் வலி உன்னோடு போய்விடவில்லையே. உன் இடத்தில் இப்போது நிற்பவள் அமராவதிபுதூர்க்காரி, நல்ல பெண். நேற்று ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு முப்பது சேலை விரித்துக்கொண்டிருந்தோம். நடுவில் மெல்ல, "யக்கா, ஒத்தக் கெண்டைக்கால் மட்டும் இழுக்குது, அந்தப் பந்த இங்குட்டு விடுங்க" என்றாள்.

நான் பந்தின் மேல் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டேன். வீங்கியிருக்கிறதா, சுடுகிறதா, பஸ்ஸில் எங்கேயாவது போனாயா என்று கூட்டத்துக்கு நடுவிலேயே கேட்டேன். சூப்பர்வைசர் முறைத்தார். ஆட்டோ வரவழைத்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் அடுத்த சேலையைத் தொட்டேன். சாயங்காலம் அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். வெறும் சதைப் பிடிப்புதானாம். நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம்.

மானம் போனால் போகட்டும் என்று சொன்னேன். அவள் திரும்பி வந்து நிற்கிற வரைக்கும் நான் காலை எடுக்கவில்லை. பந்தின் முள் எல்லாம் உள்ளங்காலில் பதிந்து கிடந்தது.